பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டார்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் ஹாக்கி மட்டைகள், பந்து, கேரம் காய்கள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருக்கிற பூப்பந்து மட்டை எல்லாம் பெரியப்பாவின் தேக்கு அலமாரிக்குள் போய்விடும். சாவி அவர் இடுப்பு பெல்ட்டில். திங்கட்கிழமை காலை குடும்ப ஜெபம் முடிகிறவரை அது திறக்காது. ஞாயிற்றுக்கிழமை கடையில் எதுவும் வாங்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, அன்றைய பேப்பரைக்கூட மறுநாள்தான் பிரிக்க வேண்டும். இட்லி மாவு, துவையல், சட்டைக்கு இஸ்திரி எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்கும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியைச் சுற்றியிருந்த சி.எஸ்.ஐ. வீடுகள் பலவற்றில் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுதான். ஆனால் மற்ற வீடுகளில் விளையாட்டு பிள்ளைகளின் சமாச்சாரம். எங்கள் வீட்டில் அதுதான் சோறு போட்டது. பெரியப்பா ஒரு கல்லூரியில் நெடுங்காலம் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அப்பாவுக்கு மூத்த அண்ணன் அவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு பேர். அப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த காலத்தில் பெரியப்பா சைதாப்பேட்டையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மாணவர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவரும் அவர்தான். பெரியப்பா வாயில் அவர் எப்போதும் 'பக் துரை'. விளையாட்டு விதிகளையெல்லாம் தொகுத்து பக் போட்ட புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடுத்த தட்டில் இருந்தது. ஏதாவது ஆட்டத்தில் தகராறு வந்தால் பெரியப்பா முதலில் கண்ணாடியைத் தேடுவார், பிறகு அந்தப் புத்தகத்தைத் தேடுவார். அதற்குள் நாங்கள் சமாதானமாகியிருப்போம்.

மிஷனரிகள் நம் பக்கத்துக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொண்டுவந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பந்து கொண்டுவந்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊசிக் கோபுரக் கோயில் 1826இல் எழுந்தது. ஜான்ஸ் கல்லூரி 1878, சாரா டக்கர் 1895, சேசு சபையாரின் சேவியர்ஸ் 1923. பள்ளிக்கூடமும் கல்லூரியும் வந்த இடத்திலெல்லாம் கூடவே ஒரு மைதானமும் வந்தது. கூடைப்பந்து 1891இலும் வாலிபால் 1895இலும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் கண்டுபிடித்தவை. நாசரேத், சாத்தான்குளம் பக்கம் போனால் இன்றைக்கும் கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பு நட்டு வாலிபால் வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். பனையேறிவிட்டு வந்தவர்கள் அந்த வலையருகே எம்பி அடித்த அடியைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பதநீர்க் கலயம் ஒரு பக்கம் இருக்கும், செருப்பு ஒரு பக்கம் கிடக்கும்.

பெரியப்பாவின் அலமாரியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஹாக்கி மட்டை இல்லை. ஒற்றைக் கையுறை. இடது கைக்கு மட்டும் போடுகிற, தடித்த தோலில் தைத்த பேஸ்பால் கையுறை. ஊருக்குத் திரும்பிப்போன ஓர் அமெரிக்க ஆசிரியர் அவருக்கு விட்டுப்போனது. மாதத்துக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து, உள்ளங்கைப் பக்கம் விளக்கெண்ணெய் தடவி, நடுவில் ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டிப்போடுவார். பந்து உட்கார்ந்த இடம் குழிந்து கறுத்திருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த தோல்வார் எப்போதோ அற்றுப்போய், மேடை போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து மெழுகு நூலால் பின்னியிருந்தார். எங்கள் கையை உள்ளே விட்டால் முழங்கைவரை தொளதொளவென்று ஆடும். தோல் வாடையும் எண்ணெய் வாடையும் சேர்ந்து ராத்திரி தூங்கும்போதுகூட கையில் இருக்கும்.

கோடை விடுமுறையில், இன்றைக்குப் புதிய பஸ் ஸ்டாண்டு இருக்கிற வேய்ந்தான்குளத்தில் தண்ணீர் வற்றியதும், அங்கே கூட்டிப்போய் எங்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுப்பார். நான்கு மூலைக்கும் நான்கு சாக்குத் துண்டு. அடிக்கிறதற்குப் பூவரசங் கம்பு. கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நின்றுகொள்ளலாம். இதில் அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆகவேண்டும் என்பதுதான் எங்களுக்கு மண்டையில் ஏறவே இல்லை. அடித்துவிட்டு அப்படியே நின்று அழகு பார்ப்போம். "ஓடுல, ஓடுல, போட்டோவா எடுக்காவ?" என்று பெரியப்பா கத்துவார். எங்கள் கூட்டத்தில் எறியில் கெட்டிக்காரி அக்காதான். மூன்றாவது சாக்கிலிருந்து முதல் சாக்குக்கு அவள் விட்டால் பந்து தரையோடு சீறிக்கொண்டு போகும். அவளுக்குப் பதினான்கு வயது ஆனதும் குளத்துக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஆடியதெல்லாம் பள்ளிக்கூட மதிலுக்குள் த்ரோபால். பெரியப்பா அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

எரிக் லிடெலின் கதை ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டதுதான். அதே 1924 பாரிஸ் ஒலிம்பிக். நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று தெரிந்து, ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று அந்த ஸ்காட்லாந்துக்காரர் விலகிக்கொண்டார். பிறகு நானூறு மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். சீனாவுக்கு மிஷனரியாகப் போய், ஜப்பானியரின் தடுப்பு முகாமில் 1945இல் இறந்துபோனார். டீச்சர் இதைச் சொல்லி, கர்த்தரைக் கனம்பண்ணுகிறவனை அவர் கனம்பண்ணுவார் என்று முடிப்பார். எங்களுக்கு அதில் கேட்டது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் இருந்தால் தங்கம் கிடைக்கும்.

பெரியப்பா அந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார். பக் துரை அந்த மைதானத்தில் இருந்தவர், அவரிடமிருந்து நேரே கேட்டவன் நான் என்கிற மிதப்பு அவருக்கு எப்போதும் உண்டு. "தங்கத்த விடுல. அவன் என்ன செய்யலங்கத கவனி. ஞாயித்துக்கிழம போட்டி நடத்தாதீங்கன்னு கொடி பிடிச்சானா? ஓடுனவன் எல்லாம் பாவின்னு சொன்னானா? நூறு மீட்டர ஆபிரகாம்ஸ்னு ஒரு யூதப் பையன் ஜெயிச்சான். லிடெல் வாழ்த்துதான் சொன்னான். தனக்கு வேண்டாம்னான், அவ்வளவுதான்."

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் பெரியப்பா தன் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினார் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய ஹாக்கி அணியில் மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய் வந்து பயிற்சிக்குப் பிந்திவிடுகிறான் என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, வெள்ளிக்கிழமைப் பயிற்சியையே ஐந்து மணிக்குத் தள்ளி வைத்தார். இன்னொருவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். ஷூ போடமாட்டேன் என்றான். கழுத்து மாலையைக் கழற்றாமல் இறங்கக் கூடாது என்றார் நடுவர். பெரியப்பா ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணியை வாங்கி வந்து மாலையைக் கழுத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, "இப்ப மாலை தெரியுதா சார்? காயத்துக்குக் கட்டு போட்டிருக்கான்" என்றாராம். வெறுங்காலோடு அந்தப் பையன் ஆடினான். ஆட்டத்துக்கு முன்னால் அணி ஜெபம் பண்ணுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. அடிபடாமல் காப்பாற்றும் என்று கேட்கலாம், ஜெயிக்கவை என்று கேட்கக் கூடாது என்பார். எதிர்ப்பக்கம் நிற்கிற கோலியும் அவர் பிள்ளைதானே, கர்த்தர் என்ன செய்வார்.

கரையில் நிற்கிற கூட்டத்துக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. ஜான்ஸும் சேவியர்ஸும் மோதினால் அது பாளையங்கோட்டையில் வெறும் காலேஜ் மேட்ச் இல்லை. இந்தப் பக்கம் சி.எஸ்.ஐ., அந்தப் பக்கம் ஆர்.சி. லூத்தர் காலத்துக் கணக்கை வ.உ.சி. மைதானத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் இருக்கும். உள்ளே ஆடுகிறவர்களைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு இருப்பார்கள். அது யாருக்கும் கண்ணில் படாது. பேட்டையிலிருந்து இந்துக் கல்லூரி அணி வந்தால், சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் ஒரு படையே வரும். அப்போது மட்டும் சி.எஸ்.ஐ.யும் ஆர்.சி.யும் ஒரே கரையில் நின்று கத்தும். கோவில்பட்டிக்காரர்கள் வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஹாக்கியில் அவர்கள் தனி ரகம். 2022 ஆசியக் கோப்பையில் மாரீஸ்வரன் சக்திவேல் இந்தியச் சட்டை போட்டு இறங்கியபோது கோவில்பட்டி ஆச்சரியப்பட்டிருக்காது, இவ்வளவு நாளாயிற்றே என்றுதான் நினைத்திருக்கும்.

1982 மார்ச் மாதம். பிசான அறுப்பு முடிந்த சமயம். மண்டைக்காட்டில் அம்மன் கோயில் கொடையின்போது தொடங்கிய கலவரமும் துப்பாக்கிச் சூடும் குமரி மாவட்டத்தை ஆட்டிவைத்திருந்தன. அதற்கு முந்தின வருஷம்தான் தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரம் மதமாற்றம் டெல்லிவரை போய்ப் பேச்சாகியிருந்தது. பெரியவர்கள் வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நாகர்கோவில் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை குளத்தில் அணி பிரிக்கும்போது எங்களில் ஒருவன், "இன்னைக்கு நாம எல்லாம் ஒரு பக்கம், அவனுவ எல்லாம் ஒரு பக்கம்" என்றான். அந்த 'அவனுவ' நாங்கள் தினமும் தோளில் கைபோட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பையன்கள். அவர்களும் சரி என்றார்கள். எல்லாருக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு.

பெரியப்பா கையுறையை மாட்டியபடி வந்து நின்றார். "நாமன்னா யாருல?"

"கோயிலுக்குப் போறவனுவ."

"நானும் போறவன்தான். நான் அம்பயரு. எந்தப் பக்கமா நிக்கட்டும்?"

பதில் இல்லை. எல்லாரையும் உயரப்படி வரிசையாக நிற்கவைத்தார். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். ஒன்று சொன்னவர்கள் ஒரு பக்கம், இரண்டு சொன்னவர்கள் ஒரு பக்கம். அவ்வளவு மோசமான ஆட்டத்தை நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் ஆடியதில்லை. யாருக்கும் மனசு ஒட்டவில்லை. இருட்டுகிறவரை விடமாட்டேன் என்று பெரியப்பா ஒன்பது இன்னிங்ஸும் ஆடவைத்தார். ஆறு மணி ஆனதும் அவரே பந்தைப் பிடுங்கிக்கொண்டு அலமாரியைப் பார்க்க நடந்தார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், ஏதோ கூட்டத்துக்கு ஆள் திரட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். நம்ம ஜனங்கள் பலத்தைக் காட்டவேண்டிய நேரம் இது என்று நெடுநேரம் பேசினார். பெரியம்மா கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெரியப்பா, "லிடெல் போட்டிய நிறுத்தச் சொல்லலையே" என்றார். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. லிடெல் எந்தச் சேகரத்து ஐயர் என்று கேட்டார்.

அப்பாவுக்கு இந்த மாதிரிப் பேச்சில் முழுத் திருப்தி கிடையாது. அப்பா தி.மு.க. பெரியப்பா காமராஜரோடு நின்றுபோன காங்கிரஸ்காரர். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் அம்மாவும் பெரியம்மாவும் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் அப்பா கேட்டார்: "அண்ணாச்சி, மதத்தப் பத்தி நீங்க சொல்லுதது எல்லாம் சரி. இத்தன வருஷம் டீம் எடுத்தீங்களே, அதுல காலனிப் பையன் எத்தன பேரு?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "ஹாக்கி மட்ட வாங்கக் காசு வேணும்லா தம்பி. ஷூ வேணும். சாயங்காலம் வேலைக்குப் போகாம இருக்கணும்."

"அப்ப மட்டதான் ஜாதி பாக்குதா?"

பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பா விடவில்லை. பல்வங்கர் பாலு என்று ஒருவர், மகாராஷ்டிரத்துத் தலித். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட் எடுத்தவர். அவ்வளவு எடுத்தும் பம்பாய் இந்து அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவில்லை; தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. அதே பாலுவை 1937 தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகவே காங்கிரஸ் நிறுத்தியது, தோற்றுப்போனார். "உங்க காங்கிரஸ்தான் அண்ணாச்சி" என்று அப்பா முடித்தார். அப்பாவுக்குக் கிரிக்கெட்டே அரைகுறைதான், ஆனால் இந்தக் கதை மட்டும் தேதிவாரியாகத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா பதிலோடு வந்தார். பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. தூதரகத்தார் இலவசமாக அனுப்புகிற பத்திரிகைகளின் பழைய கட்டு ஒன்று அவரிடம் உண்டு. பிராஞ்ச் ரிக்கி என்கிற மெதடிஸ்டுக்காரர், ஒகையோவில் ஒரு கல்லூரிக்கு பேஸ்பால் பயிற்சியாளராக இருந்தவர். தாயாருக்குக் கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே போகாதவர். வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில், அவர் அணியிலிருந்த சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பினப் பையனுக்கு ஓட்டலில் இடம் இல்லை என்றார்கள். தன் அறையிலேயே கட்டில் போட்டுப் படுக்கவைத்தார். அந்தப் பையன் ராத்திரி தன் கையைத் தேய்த்துத் தேய்த்து, இந்தத் தோல் மட்டும் போய்விட்டால் என்று அழுததை ரிக்கி மறக்கவில்லை. பிற்காலத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்தியபோது, ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து 1947 ஏப்ரலில் களத்தில் இறக்கினார். வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்த பெரிய லீகின் கதவு அன்றைக்குத் திறந்தது. ஞாயிறு ஆசரிக்கிறவன்தான் இதையும் செய்தான், பார்த்தாயா என்பது பெரியப்பாவின் கட்சி.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழம அந்த டீம் ஆடுமா?"

"ஆடும். அவரு போகமாட்டாரு."

"டிக்கெட் காசு?"

பெரியப்பா பத்திரிகையைப் புரட்டினார். இந்தக் கேள்வியை அமெரிக்காவிலேயே நிறையப் பேர் ரிக்கியிடம் கேட்டுக் கேலி செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா எதையும் படிக்காமலே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலனிப் பையன் பற்றிய கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லி முடிக்கவில்லை. பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மட்டை வேண்டாத, ஷூ வேண்டாத ஆட்டத்திலிருந்து. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் ஆடி, மறுவருஷம் அர்ஜுனா விருது வாங்கினார். அந்த 1995இல்தான் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து தலித் வீடுகளைச் சூறையாடியதும் நடந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பையன்கள் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறவே யோசித்த காலம். அந்த ஊர்களிலிருந்து ஒருவர் புறப்பட்டு ஜப்பானுக்குப் போய் மூச்சுப் பிடித்து ஆடினார் என்பதை, மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். பெரியப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால், கபடிக்கும் பக் துரை காலத்திலேயே பாடம் உண்டு என்று ஆரம்பித்திருப்பார்.

கட்சியும் மதமும் மறந்துபோன ராத்திரி என்று ஒன்று உண்டானால் அது 1983 ஜூன் 25. அன்றைக்குச் சனிக்கிழமை என்பதுதான் சிக்கலே. சாமான்கள் ஆறு மணிக்கே அலமாரிக்குள் போய்விட்டன. ரேடியோ மட்டும் ராத்திரி பன்னிரண்டுவரை கேட்கலாம் என்று பெரியப்பா விலக்கு கொடுத்திருந்தார். இந்தியா 183க்குச் சுருண்டதும் பாதித் தெரு படுக்கப் போய்விட்டது. லாயிடை ரோஜர் பின்னி வீழ்த்தியதும் எங்கள் அத்தான் ஒருவர், "பின்னி நம்ம ஆளுல்லா!" என்று துள்ளினார். அந்தத் தொடரிலேயே அதிக விக்கெட், 18, எடுத்தவர் பின்னிதான். பெங்களூர்க்கார ஆங்கிலோ இந்தியக் கிறிஸ்தவர். பெரியப்பா முறைத்தார். "அப்ப விக்கெட்டுக்குப் பின்னால நிக்கிற கிர்மானி யாரு ஆளு? சாந்து யாரு ஆளு?"

நம்ம ஆள் கணக்கு பம்பாயில் எங்கே போய் நின்றது என்று அவர் ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தார். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், மிச்சம் பேருக்கு 'ரெஸ்ட்' என்று மதவாரியாக அணி பிரித்து ஐந்துமுனைப் போட்டி நடத்தினார்கள். நம்ம விஜய் ஹசாரே 'மிச்சம்' அணியில்தான் ஆடவேண்டியிருந்தது. இந்துக்களுக்கு எதிரான ஓர் இறுதியாட்டத்தில் அணி எடுத்த 387இல் அவர் மட்டும் 309. காந்தி 1940இலேயே இந்த மதவாரி ஆட்டம் வேண்டாம் என்றார், 1946இல்தான் நின்றது. "அத்தன ரன்னு எடுத்தும் மிச்சம்தானல" என்றார். அவரே 'நம்ம விஜய் ஹசாரே' என்று சொன்னதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அப்பா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கடைசி விக்கெட் நிற்கிறது. வெஸ்ட் இண்டீசுக்கு இன்னும் ரன் வேண்டும். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பெரியப்பா எழுந்து ரேடியோக் குமிழில் கைவைத்தார். அறை முழுவதும் உறைந்துபோனது. அப்பா நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, கோயிலுக்குப் பிந்தக் கூடாதுன்னு இந்தக் கடிகாரத்த நீங்கதான் பத்து நிமிஷம் வேகமா வச்சிருக்கீங்க." பெரியப்பா கையை எடுக்கவுமில்லை, குமிழைத் திருப்பவுமில்லை. ஹோல்டிங் எல்பிடபிள்யூ ஆகும்வரை அப்படியே நின்றார். இங்கிலீஷ் வர்ணனையாளர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. இரைச்சலை வைத்துத்தான் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அம்மா கேட்டாள். சென்னையில் ஆட்டம் நடந்தபோதெல்லாம் ரேடியோவில் வந்த அவர் குரல் எங்களுக்கெல்லாம் சொந்தக்காரர் குரல் மாதிரி இருந்தது.

அந்த வருஷக் கடைசியில்தான் பெரியண்ணனின் சோதனை வந்தது. பெரியப்பாவின் மூத்த மகன். கல்லூரி ஹாக்கி அணியில் சென்டர் ஃபார்வர்டு. ஒரு போட்டியின் இறுதியாட்டத்தை சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். கோப்பை கொடுக்க வருகிற அரசியல் பிரமுகருக்கு சனிக்கிழமை தோதுப்படவில்லை, ஞாயிறு மாலை ரயிலைப் பிடிக்கவும் வேண்டும். விளையாட்டையும் அரசியலையும் பிரித்து வைக்கவேண்டும் என்று பேசுகிறவர்கள் ஒரு கோப்பையை யார் கையால் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியம்மா ஜெபித்தாள். சேகரத்து ஐயர் வந்து, தீர்மானம் பெற்றோருடையது என்று நைசாக நழுவினார். வெள்ளிக்கிழமை ராத்திரி பெரியண்ணன் முற்றத்தில் வந்து நின்றார். பெரியப்பா நிமிர்ந்து பார்க்காமல் ஹாக்கி மட்டையின் கைப்பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்குச் சரின்னு பட்டத நான் செய்தேன். அது எனக்கு. ஒனக்கு இருவது வயசாச்சு." சனிக்கிழமை ஆறு மணிக்கு அலமாரி பூட்டப்பட்டபோது ஒரு மட்டை மட்டும் வெளியே சுவரோரம் சாய்ந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் நாங்கள் எல்லாரும் கோயிலில். மைதானம் கூப்பிடு தூரம். பாமாலை முடிந்து முதல் வேதபாடம் வாசிக்கும்போது முதல் சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிரசங்கத்தின் நடுவில் இன்னொன்று. ஐயரே ஒரு நொடி நிறுத்திவிட்டு, எங்கே விட்டோம் என்று தாளில் தேடினார். பெரியப்பா நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் வைத்திருந்த கையில் மட்டும் ஒரு விரல் மடிந்தது. சாயங்காலம் பெரியண்ணன் வீட்டுக்கு வந்தபோது முழங்காலில் தோல் வழன்றிருந்தது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓய்வுநாளில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு வயிறு முட்டிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை, இன்னும் பால்காரர்கூட வரவில்லை. பெரியப்பா டார்ச் லைட்டோடு வந்து பெரியண்ணனைத் தட்டி எழுப்பினார். நாங்கள் பாயில் எழுந்து உட்கார்ந்துகொண்டோம்.

"ஏல, எந்திரி. நாலு கோல் விழுந்துச்சே, நம்ம பக்கம் எத்தன?"

"மூணுதாம்ப்பா. ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோம்."

"மூணா? நாலு சத்தம் கேட்டுதே. காணிக்க எடுக்கும்போது ஒண்ணு, நல்ல பெரிய சத்தம். பெனால்டி கார்னர்னு நெனச்சேன்."

பெரியண்ணன் கண்ணைக் கசக்கினார். "அது சீஃப் கெஸ்ட் கார்லருந்து எறங்குனாருப்பா. கட்சிக்காரனுவ வெடி போட்டானுவ."

"ச்சே! அதுக்காலே நான் ஸ்தோத்திரம் சொன்னேன்?"

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "சத்தமெல்லாம் சரியா எண்ணியிருக்கீங்க. ஐயர் எந்த வசனத்த எடுத்துப் பேசுனாருன்னு சொல்லுங்க, பாப்போம்."